புண்ணும் கடியும்: நீலகிரிக் கால்நடை மருத்துவ வரலாற்றில் ஓர் ஆய்வு

முன்னுரை

மாடு என்னும் சொல் செல்வத்தையும் குறித்து நிற்றல் தமிழ் பயில்வார் யாவரும் அறிந்ததே. அச்செல்வத்தை நம் முன்னோர் கவர்ந்தவாறும் மீட்டவாறும் காத்தவாறும் இலக்கியங்களானும் கல்வெட்டுகளானும் பலபட விளக்கப்பெற்றுள்ளன. காயமுற்ற மாட்டினை அவர்கள் எவ்வாறு பேணினர் என்னும் வினாவோ அத்துணைக் கருத்தைப் பெறவில்லை. அவ்வினாவை நீலகிரி மலைநாட்டை நடுவாகக் கொண்டு ஈண்டு ஆராய்வாம்.

நீலகிரியைத் தேர்ந்தமைக்குக் காரணம் இரண்டு. எருமையே வாழ்வும் வழிபாடுமாகக் கொண்ட மக்கள் தொன்றுதொட்டு வாழும் மலை அது என்பது ஒன்று. தென்னாட்டின் வெறிநாய்க்கடி மருத்துவத்திற்கெனப் பாஸ்டர் நிலையம் 1907-இல் அம்மலையின்கண் உள்ள குன்னூரில் தோன்றியது என்பது மற்றொன்று. பழைய ஆயர் மருத்துவமும் புதிய நுண்ணுயிரியலும் ஒரு மலையிலேயே எதிர்ப்பட்டன. அவ்வெதிர்ப்பாட்டை நோக்குங்கால், தமிழ் மரபு புண்ணையும் கடியையும் வேறுவேறாகப் பகுத்தது முற்றும் பொருத்தமே என்பது புலனாகும். ஆயினும், புண்ணுக்கு மருந்து கண்ட அம்மரபு வெறிநாயின் கடிக்கு மருந்து கண்டிலது. இவ்விரண்டனையும் ஒருங்கே ஏற்றுக்கொள்ளுதல் இன்றைய ஆராய்ச்சியாளர்க்குக் கடமையாகின்றது.

பழஞ்சான்றுகள்

விலங்குகட்கு மருத்துவம் செய்தல் அரசின் அறமாக எண்ணப்பட்டமைக்குத் தொன்மையான சான்று அசோகரின் இரண்டாம் பாறைக் கல்வெட்டாகும். கி.மு. மூன்றாம் நூற்றாண்டைச் சார்ந்த அக்கல்வெட்டு, மக்கட்கும் விலங்குகட்குமான இருவகை மருத்துவத்தையும் அவர்தம் நாட்டிலும் எல்லைப்புற நாடுகளிலும் ஏற்படுத்தியதாகக் கூறுகின்றது. அவ்வெல்லைப்புற நாட்டாருள் சோழர், பாண்டியர், சத்தியபுத்திரர், கேரளபுத்திரர் ஆகியோர் பெயர் பெறுகின்றனர். மருந்து மூலிகைகள் இல்லாத இடங்களில் அவற்றைக் கொணர்ந்து நடுவித்தமையும் அதன்கண் சொல்லப்படுகின்றது. தமிழ் வேந்தர் நாடுகளில் விலங்கு மருத்துவம் அதற்கு முன் இல்லை என்று இதனாற் கொள்ளுதல் பொருந்தாது. மக்கள் மருத்துவத்தோடு ஒருங்கு வைத்து எண்ணத்தக்கதாக அது கருதப்பட்டது என்பதே நாம் கொள்ளத்தக்கது.

சங்க இலக்கியங்களில் மக்களின் புண்ணுக்குச் செய்யும் மருத்துவம் தெளிவாகக் காணப்படுகின்றது. சேரன் செங்குட்டுவனைப் பரணர் பாடிய ஐந்தாம் பத்தில், வீரரின் மார்பிற் பட்ட விழுப்புண்ணை ஊசியால் தைத்தமை குறிக்கப்பெறுகின்றது. அரிசில்கிழார் பாடிய புறநானூற்று 281-ஆம் பாட்டில், புண்பட்டவன் கிடக்கும் மனையில் வேம்பு செருகுதலும் ஐயவி சிதறுதலும் காஞ்சிப் பண் பாடுதலும் கூறப்படுகின்றன. முல்லைக்கலி ஏற்றின் கோடு பட்ட ஆயரின் புண்ணை விரித்துரைக்கின்றது. ஏறுபட்ட புண்ணை அவ்வாறு விரித்தல் அதன் நோக்கமன்று. இவ்விலக்கியங்களைக் கொண்டு கால்நடை மருத்துவ முறைகளை வரையறுக்க முற்படுதல் மிகையாகும். தைத்தல், வேம்பு பயன்படுத்தல், புண்பட்டாரைத் தனியே வைத்துக் காத்தல் என்பன தமிழர்க்குப் பழக்கமானவை என்னும் அளவில் அமைதல் வேண்டும்.

கல்வெட்டுகளுள் ஒன்று நம் பொருளுக்குச் சிறப்பாக உரியது. திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூர் நடுகல், முதலாம் மகேந்திரவர்மனின் 34-ஆம் ஆட்சியாண்டைச் சார்ந்தது. கருந்தேவகத்தி என்பான் தன் எருமைகளைக் காத்தற்பொருட்டு உயிர்விட்டமையை அது அறிவிக்கின்றது. அவனோடு நின்ற கோவிவன் என்னும் நாய் கள்வர் இருவரைக் கடித்துக் காவல் இருந்தமையும் அக்கல்லிற் பொறிக்கப்பட்டுள்ளது. நாயின் உருவமும் செதுக்கப்பட்டுள்ளது. எருமையும் அதனைக் காக்கும் நாயும் ஒரு கல்லில் ஒருங்கு நிற்கும் இக்காட்சி பின்னர் வரும் செய்திகட்கு அடிப்படையாகும். ஆயர் வாழ்வில் நாய் நீக்கலாகாத துணை. நாயினின்றே மந்தைக்கு வரும் கேடும் அவ்வாறே நீக்கற்கரியதாயிற்று.

சொல்லும் பொருளும்

புண் என்பது திராவிட மொழிகள் பலவற்றிற்கும் பொதுவான பழஞ்சொல். மலையாளத்திற் புண்ணு என்றும், கன்னடத்தில் ஹுண்ணு என்றும், தெலுங்கிற் புண்டு என்றும் வழங்குவது. கண்ணாற் கண்டு கையாற் பேணத்தக்க உடற்சிதைவையே அது குறிக்கும். நுகத்தாற் பட்டது நுகப்புண். கோமாரியால் வாயிலும் குளம்பிடையிலும் உண்டாவனவும் புண்களே. ஆறியபின் எஞ்சுவது வடு. புண்ணின் தோற்றம், முதிர்வு, ஆறுதல் ஆகிய மூன்றும் காண்பார்க்குப் புலனாவன.

கடி என்பதோ சிதைவின் பெயரன்று, நிகழ்ச்சியின் பெயர். உரிச்சொல்லாகிய கடி வேறு, தொழிற்பெயராகிய கடி வேறு என்பதை ஈண்டு நினைவிற் கொள்க. பாம்புக்கடி, தேட்கடி, நாய்க்கடி என்று வழங்குங்கால், தோன்றிய காயத்தின் அளவை நோக்காது, கடித்த உயிர் யாதென்பதையே நோக்குகின்றோம். இவற்றை விடக்கடி என ஒருதிறமாக்கித் தனி மருத்துவத்திற்கு உரியன ஆக்கினர் நம் முன்னோர். வெறிநாயின் வாயிலிருந்து உடலுட் புகுவது ஒரு நஞ்சு என்பது அவர் கருத்து. வைரஸ் என்னும் இலத்தீன் சொல்லுக்கும் நஞ்சு என்பதே மூலப்பொருள் என்பது ஈண்டு ஒப்புநோக்கத்தக்கது. இரு நாகரிகத்தாரும் காணப்படாத ஒன்றை ஒரே உவமையாற் பெயரிட்டனர். சிறிய பற்குறியும் பெரிய சாவும் ஒன்றோடொன்று இயைவதைக் கண்டவர்க்கு வேறு விளக்கம் தோன்றாமை இயல்பே.

வாகடமும் நாட்டு மருத்துவமும்

கால்நடை மருத்துவம் கூறும் தமிழ்ச் சுவடிகள் மாட்டு வாகடம் என்னும் பெயரால் வழங்குகின்றன. வாகடம் என்பது வாக்படர் என்னும் வடமொழி மருத்துவ ஆசிரியரின் பெயரடியாகப் பிறந்தது என்பர் சென்னைப் பல்கலைக்கழகப் பேரகராதியார். மாட்டின் இலக்கணம், நோய்க்குறி, மருந்து ஆகியன ஒருங்கு அமைவது இவ்வகை நூல்களின் இயல்பு. ஏட்டிற்குப் புறம்பாகக் கைவழக்காக வந்த முறைகளும் பல உள.

இவற்றுட் புண்ணுக்கான முறைகள் பெரும்பாலும் காரணத்தொடு பொருந்துவன. மஞ்சள், வேப்பிலை, குப்பைமேனி, பூண்டு ஆகியவற்றை அரைத்து எண்ணெயிற் காய்ச்சிப் பூசுதல் இன்றும் தமிழ்நாட்டுச் சிற்றூர்களிற் காணத்தக்கது. புண்ணில் ஈ மொய்யாமற் காப்பதும் நுண்ணுயிர்களை அடக்குவதும் இதன் பயன். புழுப்பட்ட புண்ணிற் கர்ப்பூரம் கலந்த தேங்காயெண்ணெய் விடுதலும் சீத்தாவிலையை அரைத்து வைத்தலும் புழுவை வெளிப்படுத்தும் உபாயங்களாம். தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த பேராசிரியர் ந. புண்ணியமூர்த்தி இத்தகைய மரபு மருந்துகளை ஆராய்ந்து, அளவுப்படுத்தி, உழவரிடையே பரப்பினார். ஏட்டறிவு ஆய்வறிவாக மாறிய நல்வழி இது.

சூடு இடுதல் மற்றொரு முறை. காய்ந்த இரும்பாற் சுட்டு நோய் நீக்கும் இம்முறை உலகின் பல பகுதிகளில் வழங்கிற்று. வெறிநாய் கடித்த இடத்தைச் சுடவேண்டும் என்று உரோமானியரான செல்சஸ் எழுதினார். நஞ்சு பரவுமுன் அதனை எரித்துவிடலாம் என்பது கருத்து. நாட்டு மருத்துவரும் அவ்வாறே கருதினர். சுட்ட புண் ஆறியது. அதனால் நோயும் நீங்கியது என்று நம்பினர். இந்நம்பிக்கையின் பிழையைக் காட்டவே நாம் நீலகிரிக்குச் செல்லவேண்டியுள்ளது.

நீலகிரியின் ஆயர் வாழ்வு

நீலகிரியின் பழைய கல்வட்டங்களிலிருந்து எடுக்கப்பெற்ற தாழிமூடிகளில் எருமையுருவங்கள் பல உள. எருமை வளர்ப்பு அம்மலையில் மிகத் தொன்மையானது என்பதற்கு அவை சான்று. போசள மன்னன் விட்டுணுவர்த்தனனின் தண்டநாயகன் புணிசன் தோதரை அச்சுறுத்தியதாக 1117-ஆம் ஆண்டுக் கல்வெட்டொன்று கூறும். 1603-இல் மலையேறிய பெனிசியோ என்னும் ஏசுசபைத் துறவி, எருமையொடு பிணைந்த தோதர் வழிபாட்டைக் கண்டு எழுதினார். 1906-இல் வெளிவந்த ரிவர்ஸ் என்பாரின் தோதர் பற்றிய பெருநூல், பால்மனை வழிபாட்டையும் எருமைக்கு உப்புநீர் ஊட்டும் சடங்கையும் விரிவாகக் கூறுகின்றது. விலங்கின் உடல்நலம் பேணல் சமயக் கடமையோடு ஒன்றியிருந்தமைக்கு உப்புச் சடங்கே போதிய சான்றாகும்.

மலைமேல் மந்தைகட்கு நேரும் காயங்கள் பலதிறத்தன. கோடு பொருதலாற் படுவன, பாறையிற் சறுக்கி விழுதலாற் படுவன, புலியும் சிறுத்தையும் பற்றியதனாற் படுவன என இவை விரியும். ஆங்கிலேயர் குடியேறியபின் மற்றொரு வகை பெருகிற்று. 1830-களிற் குன்னூர் மலைப்பாதை அமைந்தது. அன்றுமுதல் இருப்புப்பாதை 1899-இற் குன்னூரையும் 1908-இல் உதகையையும் அடையும்வரை, மலையேறிய சுமையைப் பெரும்பாலும் மாடுகளே தாங்கின. ஏற்றத்தில் நுகம் கழுத்தை அழுத்தும்; ஈரத்தில் தோல் நைந்து புண்ணாகும்; ஆறுமுன் மறுசுமை ஏறும். எத்துணை நல்ல எண்ணெய் பூசினும் நுகத்தை நீக்காதவழி நுகப்புண் ஆறாது. மருந்தினும் ஓய்வே இதற்குச் சிறந்தது. புண்ணுற்ற விலங்கை வேலையில் ஈடுபடுத்துதல் குற்றம் என 1890-ஆம் ஆண்டு விலங்குவதைத் தடைச்சட்டம் விதித்ததும், அதனை 1960-ஆம் ஆண்டுச் சட்டம் வழிமொழிந்ததும் இக்காரணம் பற்றியே.

இவையெல்லாம் புண்ணின் வரலாறு. கடியின் வரலாறு ஒரு மனித இறப்பிலிருந்து தொடங்குகின்றது.

குன்னூர் நிலையம்

பாரிசில் லூயி பாஸ்டர் 1885-ஆம் ஆண்டு சூலை 6-ஆம் நாள், வெறிநாய் கடித்த ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவனுக்குத் தம் தடுப்புமருந்தை முதன்முதல் இட்டார். இந்தியாவில் அம்மருத்துவம் செய்யும் நிலையம் 1900-இற் கசௌலியில் ஏற்பட்டது. இமயமலைச் சாரலிலுள்ள அவ்வூர் தென்னாட்டார்க்கு எட்டாத் தொலைவு. லில்லி பாக்கன்ஹாம் வால்ஷ் என்னும் ஆங்கில நங்கை 1902-இல் உரிய மருத்துவம் கிட்டாது இந்நோயால் இறந்தமை தென்னாட்டிற்கும் ஒரு நிலையம் வேண்டும் என்னும் எண்ணத்தை வலுப்படுத்திற்று. அமெரிக்கச் செல்வர் ஹென்றி பிப்ஸ் இந்திய அரசுக்கு அளித்த நன்கொடையின் ஒரு பகுதி இதற்கு உதவிற்று. பூசா வேளாண்மை ஆராய்ச்சி நிலையத்திற்கு உதவியதும் அந்நன்கொடையே. 1907-இற் குன்னூர் நிலையம் பணி தொடங்கிற்று.

கசௌலியின் இயக்குநராயிருந்த டேவிட் செம்பிள் 1911-இற் புதிய மருந்தொன்றை வெளியிட்டார். நோயூட்டப்பெற்ற விலங்கின் மூளையை அரைத்துக் கார்பாலிக் அமிலத்தால் நோய்க்கிருமியின் வீரியத்தை அழித்துச் செய்வது அது. புண்ணிற் சீழ் பிடியாது காக்க 1867-இல் லிஸ்டர் அறிமுகப்படுத்தியதும் இக்கார்பாலிக் அமிலமே. புண்ணைக் காத்த பொருளே கடிக்குரிய மருந்தைச் செய்யவும் துணைநின்றது. இந்தியாவில் அம்மருந்துக்குப் பெரும்பாலும் ஆட்டின் மூளையே பயன்பட்டது. ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக் காலம் நாய்க்கடிபட்ட மக்கள் ஆடுகளின் உயிரால் உயிர்பிழைத்தனர் என்பது மிகையன்று. உயிரணு வளர்ப்பு முறையிற் செய்த மருந்துகள் பரவியபின், இருபத்தோராம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இந்தியா அம்மூளைமருந்தைக் கைவிட்டது.

குன்னூர் நிலையத்தின் மற்றொரு தொண்டு போதிய அளவு அறியப்படாதது. அங்குப் பணியாற்றிய டபிள்யூ. எஸ். பேட்டன் என்னும் மருத்துவ அறிஞர், மனிதர் விலங்கு ஆகியோரின் புண்களிற் புழு வைக்கும் இந்திய ஈக்களை ஆராய்ந்து 1920-ஐ ஒட்டிய ஆண்டுகளிற் கட்டுரைகள் வெளியிட்டார். கிரைசோமியா பெசியானா என்னும் ஈயே அவற்றுள் தலையாயது. இவ்வீ அழுகிய ஊனை நாடாது, உயிருள்ள விலங்கின் புண்விளிம்பில் முட்டையிடும். ஒரு நாளளவிற் பொரித்த புழுக்கள் நல்ல தசையைத் துளைத்து உட்செல்லும். உண்ணி கடித்த சிறு வாயும், புதிதாய் ஈன்ற கன்றின் கொப்பூழும் அதற்குப் போதும். புழுவை வெளிப்படுத்தியபின்னரே புண்மருந்து இடவேண்டும் என்னும் ஆயர் வழக்கிற்கு இவ்வாய்வு காரணம் காட்டிற்று. கண்ணுக்குப் புலனாகும் புழுவும் புலனாகா நச்சுயிரும் ஒரே நிலையத்தில் ஆராயப்பெற்றமை புண், கடி என்னும் பழைய பகுப்பிற்குப் புதிய விளக்கமாய் அமைந்தது.

கடியுண்ட மாடு

வெறிநாய்க்கடியில் நோய்க்கிருமி காயத்தில் தங்கி நிற்பதில்லை. அது நரம்பின் வழியே மூளையை நோக்கிச் செல்கின்றது. அதற்குச் சில வாரங்களோ சில திங்களோ ஆகலாம். அதற்குள் பற்பட்ட இடம் ஆறி வடுவாகியிருக்கும். புண் ஆறியதைக் கண்டு நோய் தீர்ந்தது என்று கொள்ளும் அறிவு, புண்ணளவில் உண்மை. கடியளவில் உயிர்க்கு இறுதி. பழைய மருத்துவம் வெற்றி பெற்றதுபோல் தோன்றியமைக்கு மற்றொரு காரணமும் உண்டு. கடித்த நாய்கள் எல்லாம் வெறிநாய்களல்ல; வெறிநாய் கடித்த விலங்குகள் எல்லாம் நோயுறுவதுமில்லை. மருந்தின்றியும் பிழைக்க இருந்தவை மருந்தாற் பிழைத்தனவாக எண்ணப்பட்டன.

நோய் வெளிப்பட்ட மாட்டின் குறிகள் மயக்கந்தருவன. உமிழ்நீர் ஒழுகும், விழுங்க இயலாது, குரல் மாறிக் கதறும், பின்கால் தளரும். தொண்டையில் ஏதோ சிக்கியுள்ளது என்று எண்ணி உரியவர் வாயினுட் கைவிட்டுப் பார்ப்பர். கையிற் சிறு கீறல் இருப்பினும் அந்த உமிழ்நீர் அவருயிர்க்கு ஊறாகும். குறி தோன்றியபின் மாட்டைக் காக்கும் மருந்து இன்றளவும் இல்லை. ஆகவே, கடியுண்ட அன்றே செய்வதே மருத்துவம்.

அச்செய்முறை மிக எளிது. சவர்க்காரமிட்டு ஓடும் நீரிற் பதினைந்து நிமிடம் காயத்தைக் கழுவுதல், பின்னர் அயோடின் போன்ற கிருமிநாசினி இடுதல், கால்நடை மருத்துவரை அணுகித் தடுப்பூசி போடுதல் என்பன அவை. கடியுண்ட கால்நடைக்கு முதல் நாள் தொடங்கி 3, 7, 14, 28-ஆம் நாள்களில் ஊசியிடுதல் நம் நாட்டு வழக்கம். சூடிடுதலும், சுண்ணாம்பும் மிளகாயும் அப்புதலும் திசுவைச் சிதைத்துக் கேட்டினைப் பெருக்கும். கடிவாயைத் தைத்தலும் இயன்றவரை தவிர்க்கத்தக்கது. பரணர் பாடிய ஊசி வாட்புண்ணுக்கு உரியது, நாய்க்கடிக்கு உரியதன்று. ஈரிடத்தும் காயம் ஒன்றுபோல் தோன்றினும் மருத்துவம் மாறுபடுகின்றது. புண் வேறு, கடி வேறு என்ற முன்னோர் பகுப்பின் ஆழம் ஈண்டுத்தான் முற்றும் விளங்குகின்றது.

கால்நடைக்கு ஊசியிடுதல் பின்னதே; நாய்க்கு ஊசியிடுதலே முன்னது. 2021-இல் இந்திய அரசு வெளியிட்ட செயற்றிட்டம், நாய்வழிப் பரவும் இந்நோயை 2030-க்குள் ஒழிப்பதை நோக்கமாகக் கொண்டுள்ளது. கோவிவனைப்போலும் காவல்நாயைப் பாதுகாத்தலே மந்தையையும் ஆயரையும் பாதுகாத்தலாகும்.

பதிப்பாளர் கடன்

இவ்வரலாறு தமிழ் ஆராய்ச்சியாளராகிய நமக்கு ஒரு பொறுப்பைச் சுமத்துகின்றது. மாட்டு வாகடச் சுவடிகள் இன்னும் நன்கு பதிப்பிக்கப்பெறல் வேண்டும். ஏனைய இலக்கியச் சுவடிகளைப் பதிப்பிப்பதற்கும் இதற்கும் ஒரு வேற்றுமை உண்டு. பாடபேதம் தவறின் இலக்கியத்திற் பொருள் சிதையும். வாகடத்தில் உயிர் சிதையும். அச்சேறிய நூலை நம்பி ஒருவர் தம் பசுவுக்கு மருந்திடக்கூடும் என்பதைப் பதிப்பாளர் மறத்தலாகாது.

ஆகவே, மூன்று நெறிகளை வற்புறுத்த விரும்புகின்றோம். முதலாவது, சுவடியில் உள்ளதை உள்ளவாறே பதிப்பித்தல். நாகரிகம் கருதியோ நாணம் கருதியோ எதனையும் விலக்குதல் வரலாற்றுக்கு இழைக்கும் தீங்கு. இரண்டாவது, முறைகளைப் புண், புழு, சூடு, கடி எனப் பகுத்து, மூலிகைப் பெயர்களைத் தாவரவியலார் துணைகொண்டு உறுதிப்படுத்தல். ஒரே பெயர் வட்டாரந்தோறும் வேறுவேறு செடியைக் குறித்தல் உண்டு. மூன்றாவது, கடி பற்றிய பகுதிகளின் கீழ், அவை வரலாற்றுச் செய்திகளே, கைக்கொள்ளத்தக்க மருத்துவமல்ல என்று அப்பக்கத்திலேயே குறித்தல். முன்னுரையிற் குறித்தல் போதாது. நோயுற்ற மாட்டொடு நூலைப் புரட்டுபவர் முன்னுரையைப் படிப்பதில்லை.

சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி 1903-இல் தோன்றியது. 1935-இற் சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. 1989-இற் கால்நடை மருத்துவத்திற்கெனத் தனிப் பல்கலைக்கழகமே ஏற்பட்டது. தமிழ்த்துறையும் அத்துறையும் ஒருங்கிருந்து வாகடம் பதிப்பிக்கத் தடையொன்றும் இல்லை.

முடிபு

இதுகாறும் கூறியவற்றால், தமிழர் காயமருத்துவத்தை இரு கூறாகக் கண்டனர் என்பதும், புண் பற்றிய அவர் அறிவு பெரும்பாலும் ஆய்வுக்கு நிற்பது என்பதும், கடி பற்றிய அவர் பகுப்பு சரியாயினும் மருந்து பயன்படாதது என்பதும், அக்குறையை நிறைத்த வரலாற்றில் நீலகிரிக் குன்னூர் சிறப்பிடம் பெறுகின்றது என்பதும் பெறப்பட்டன. முன்னோர் அறிவை முழுதும் ஏற்றலும் முழுதும் தள்ளலும் ஆராய்ச்சி ஆகா. மஞ்சளும் வேம்பும் நுகப்புண்ணுக்கு உதவுக. நாய் கடித்த மாட்டுக்கோ நீரும் சவர்க்காரமும் ஊசியுமே உதவும். இவ்விரண்டையும் ஒரே பக்கத்தில் எழுத வல்லவரே வாகடத்தைப் பதிப்பிக்கத் தகுதியுடையார்.